கூடுதல் பட்டை வளைவுக்கு உதவாது

சூலூரிலிருந்து பல்லடம் போகும் திருச்சி சாலையில் எந்த நேரம் நின்று பார்த்தாலும் பிக்கப் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். தறிக்குப் போகும் பாவு, நூல், பண்ணையிலிருந்து கிளம்பும் கறிக்கோழிக் கூண்டு, பொள்ளாச்சித் தேங்காய், ஊட்டி கேரட் என்று லோடு மாறும். வண்டியின் அடிப்பாகம் மாறாது. பொலேரோ பிக்கப், தோஸ்த், இசுசு டி-மேக்ஸ் எதுவானாலும் பின்னால் ஒரு முழு அச்சும், அதை இரு பக்கமும் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக் கட்டும்தான். வளைவில் வண்டி சாய்கிறது, வால் அலைகிறது என்று பட்டறையில் சொன்னால், "ஒரு பட்டை சேர்த்துடலாங்க" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக வரும். வசதியுள்ளவர்கள் வண்டியை இரண்டு அங்குலம் தூக்கும் முழு செட்டை வாங்கிப் பூட்டுகிறார்கள். வளைவில் வண்டி சொன்னபடி கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இரண்டுமே தவறான இடத்தில் போடும் பணம். முதல் ரூபாய் ஷாக் அப்சார்பருக்கும் புஷ்ஷுக்கும் போக வேண்டும். பட்டை கடைசி.

காரணத்தைக் கணக்கிலேயே காட்டலாம். ஒரு வண்டி எந்த வேகத்தில் கவிழும் என்பதை முதன்மையாக முடிவு செய்பவை இரண்டு: சக்கரங்களுக்கு இடையிலான அகலம், எடை மையத்தின் உயரம். அகலம் 1.5 மீட்டர், கூண்டு அடுக்கிய வண்டியின் எடை மையம் 1.1 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், அந்த வண்டி தாங்கும் பக்கவாட்டு விசை அதன் எடையில் சுமார் 0.68 பங்கு. 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் அது 36 கிலோமீட்டர் வேகம். 20 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு விசை 0.21 பங்குதான், 30-இல் 0.47. வேகம் பாதி கூடினால் விசை இரண்டு மடங்குக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடையின் மொத்த அளவையும் இதே உயரமும் அகலமுமே தீர்மானிக்கின்றன. எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் போட்டாலும் அந்த மொத்தம் குறையாது. வண்டி சாயும் கோணம் குறையும், அதனால் ஓட்டுபவருக்குத் தைரியம் வரும், ஆனால் கவிழும் எல்லை ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். எல்லை நகராமல் தைரியம் மட்டும் கூடுவது ஆபத்து.

அப்படியானால் சஸ்பென்ஷனால் என்னதான் கிடைக்கும்? சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் இருப்பது. நம் மலைப்பாதைகளில் வளைவு தனியாக வருவதில்லை. ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறினால் 40 கொண்டை ஊசிகள், பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினால் 27. ஒன்றில் இடப்பக்கம் சாய்ந்த பாரம் நிமிரும் முன்பே அடுத்தது வலப்பக்கம் இழுக்கிறது. நடுவில் பெயர்ந்த தார், வடிகால் பள்ளம், லாரி டயர் அரைத்த மேடு. நிலையாகச் சாய்ந்திருக்கும் வண்டியின் கோணத்தை ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாயும் வேகத்தையும், பள்ளத்தில் இறங்கிய சக்கரம் எத்தனை முறை துள்ளுகிறது என்பதையும் தீர்மானிப்பது ஷாக். நம் சாலைக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இப்போது ஒரு பட்டை சேர்த்தால் நடப்பதைப் பார்ப்போம். ஒரே கனமுள்ள ஐந்து பட்டைகளோடு ஆறாவது சேர்ந்தால் கெட்டித்தன்மை ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். ஷாக் பழையதுதான். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அதன் பலம், ஒப்பீட்டளவில் 9 சதவீதம் போலக் குறைந்துவிடும். லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியில் இது பச்சையாகத் தெரியும்: ஒரு டன்னுக்கு மேல் தாங்க அமைந்த பட்டை, மேலே எடையே இல்லாமல் பலகை மாதிரி நிற்கிறது. வளைவின் நடுவில் சிறு மேடு வந்தாலும் பின்சக்கரம் எழும்பி அரை அடி வெளியே போய் விழுகிறது. மழை நாளில் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் அந்த அரை அடி எங்கே கொண்டு போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டியைத் தூக்குவதில் இன்னொரு கோளாறு ஒளிந்திருக்கிறது. இதில் உயரம் மட்டுமே குற்றவாளி இல்லை. எடை மையம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால், மேலே சொன்ன கணக்கில் கவிழும் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறைவதில்லை. பெரிய கேடு பட்டையின் வளைவு கூடுவதால் வருகிறது. பட்டையின் முன்கண் சேஸிஸில் பூட்டியிருக்கிறது. பின்கண் ஷேக்கிளில் ஆடுகிறது. வளைவு அதிகமான பட்டையில் முன்கண்ணிலிருந்து அச்சு வரையுள்ள பகுதி செங்குத்தாகச் சரிந்து நிற்கும். திருப்பத்தில் வெளிப்பக்கம் அமுங்கும்போது அந்தச் சரிவு நிமிர்ந்து அச்சைப் பின்னால் தள்ளும். உள்பக்கம் எழும்பும்போது அச்சு முன்னால் வரும். ஸ்டியரிங்கைத் தொடாமலே பின் அச்சு தானாகத் திரும்பி வாலை வெளியே வீசுகிறது. லிஃப்ட் செய்த வண்டி நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது "மிதக்கிறது" என்று ஓட்டுநர்கள் சொல்வதற்கு இதுவும் காரணம்.

"லோடு வண்டிக்கு எதுக்குங்க வளைவு? மெதுவாப் போனாப் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. மெதுவாகப் போவதுதான் முதல் பாதுகாப்பு. அதற்கு மாற்று எதுவும் இல்லை. ஆனால் நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலையில் எதிரே ஒரு பைக் குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டி மீட்டாக வேண்டும். அது வளைவு இல்லாத சாலையில் வரும் வளைவு. ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழ் 2016-இல் டொயோட்டா ஹைலக்ஸைத் தன் திடீர் விலகல் சோதனையில் ஓட்டியபோது வண்டி இரண்டு சக்கரத்தில் எழுந்தது. டொயோட்டா மாற்றங்கள் செய்த பிறகே 2017-இல் நடந்த மறுசோதனையில் அது தேறியது. உலகப் புகழ் பெற்ற பிக்கப்புக்கே அந்த நிலை என்றால், மேலே கூண்டு அடுக்கிய நம் வண்டிக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்?

இளைஞர்களின் எதிர்வாதம் வேறு: ரேஸ் வண்டிகள் தாழ்வாகவும் கெட்டியாகவும்தானே இருக்கின்றன? உண்மைதான். பக்கத்திலேயே செட்டிபாளையத்தில், பார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவர்தனின் பெயரால் நிற்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அது சரியான வழி. அங்கே தார் வழுவழுப்பு. சக்கரம் ஒரு சென்டிமீட்டர் அசைந்தாலும் போதும். மலைப்பாதையில் தாழ்த்திய பிக்கப், பள்ளத்தில் இறங்கியதும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும். அந்த நொடியில் சஸ்பென்ஷன் இல்லாத வண்டியாகி, சக்கரம் வழுக்கும்.

பின்பக்க ஸ்டெபிலைசர் பார் பற்றியும் கேட்பார்கள். டி-மேக்ஸுக்கு முன்பக்கம் இரட்டை விஷ்போன், காயில் ஸ்பிரிங், ஸ்டெபிலைசர் என்று நல்ல ஏற்பாடு உண்டு. பின்னால் பட்டை மட்டும். பின்னாலும் ஒரு பார் போட்டால் சாய்வு குறைவது நிஜம். ஆனால் எடை மாற்றத்தில் கூடுதல் பங்கைப் பின்சக்கரங்கள் சுமக்க நேரும். காலி வண்டியில், ஈரத்தில், வால் முதலில் நழுவும். எப்போதும் உயரமான பாரத்தோடு மட்டும் ஓடும் வண்டிக்கு, அதுவும் நல்ல ஷாக் பூட்டிய பிறகு, இதை யோசிக்கலாம். பாதி தூரம் காலியாக ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

பாரத்துக்குக் கூடுதல் பட்டை வேண்டாமா என்றால், தயாரிப்பாளர் சொன்ன எடைக்குள் ஓட்டினால் வேண்டாம். அதற்கு மேல் ஏற்றத்தான் பட்டை சேர்க்கிறோம் என்றால், அது கையாளுமை பற்றிய பேச்சே இல்லை; பிரேக்கும் டயரும் பழைய எடைக்கே செய்தவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. பழைய பட்டை உண்மையிலேயே தளர்ந்து, வளைவு நிமிர்ந்துபோயிருந்தால் அதே அளவில் புதிய கட்டு போடுங்கள். கழற்றியது வீணாகாது, லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு நம் ஊரில் இன்றும் தனி மரியாதை.

ஆக, செலவின் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலாவது செலவே இல்லாதது: டயர் காற்று. முழு லோடுக்கான காற்றோடு காலி வண்டியை ஓட்டினால் பின் டயர் நடுப்பகுதியில் மட்டும் தரையைத் தொடும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி இரண்டு நிலைக்கும் மாற்றி வையுங்கள். அடுத்து பட்டைக்கண், ஷேக்கிள் புஷ்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, பட்டைக்கண்ணுக்கும் ஷேக்கிளுக்கும் இடையில் கம்பியை விட்டு நெம்பினால், தேய்ந்த புஷ் டொக்கென்று ஆடிக் காட்டும். அந்த ஆட்டம்தான் வளைவில் அச்சை நகர்த்துகிறது. மூன்றாவது ஷாக். தினமும் லோடு ஓடும் வண்டிக்குத் தயாரிப்பாளர் தரத்திலான புதிய செட்டே பெரிய மாற்றம் தரும். வாரக் கடைசியில் மலையேறும் டி-மேக்ஸுக்கு, ஓல்டு மேன் ஈமு போன்ற நிறுவனங்களின் கனமான ஷாக்குகள் பொருத்தம். ஆனால் தூக்கும் ஸ்பிரிங்கோடு சேர்ந்த செட்டாக வாங்காமல், வண்டியின் பழைய உயரத்துக்கு ஏற்ற நீளம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை பட்டறைக்குப் போனால், பட்டை விலையைக் கேட்பதற்கு முன் வண்டியின் பின்மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் ஷாக் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினாலோ, ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தாலோ, அதை ஜோடியாக மாற்றிவிட்டு மலையேறுங்கள்.