சோதனையும் சூழலும்: ஆரியான் அறிக்கை பற்றிய ஒரு நோக்கு

மென்பொருளொன்று சோதனையில் தேறியது எனும் கூற்று, எச்சூழலில் தேறியது என்பதைக் கூறாதவிடத்து அரைகுறையானதே. இதனை ஆராய்வதற்கு, ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு 1996 ஜூலையில் அளித்த ஆரியான் 5 விசாரணை அறிக்கை தக்கதோர் ஆவணமாகும்.

1996 ஜூன் 4 ஆந் திகதி பிரெஞ்சுக் கயானாவின் கூறூ தளத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட ஆரியான் 5 றொக்கற், ஏறத்தாழ 40 செக்கன்களில் பாதை விலகிச் சிதறியது. அது சுமந்து சென்ற 4 ஆய்வுச் செய்மதிகளும் அழிந்தன. றொக்கற்றின் நிலையையும் அசைவையும் கணிக்கும் தொகுதியின் மென்பொருள் ஆரியான் 4 இலிருந்து பெறப்பட்டது. ஆங்கு அது செவ்வனே இயங்கியது. ஆனால், புதிய றொக்கற்றின் கிடைத்திசை வேகம் தொடக்கத்திலேயே மிக உயர்ந்திருந்தது. அவ்வேகத்தைச் சார்ந்த பெறுமானமொன்றை 64 பிற் எண்ணிலிருந்து 16 பிற் நிறைவெண்ணாக மாற்றுகையில், அது 32,767 எனும் எல்லையைக் கடந்தது, தொகுதி செயலிழந்தது. மாற்றாக வைக்கப்பட்ட தொகுதியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்தமையால், அதே காரணத்தால் சற்று முன்னரே செயலிழந்திருந்தது. இக்கணிப்பு, ஆரியான் 5 புறப்பட்டபின் எவ்விதப் பயனுமற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆரியான் 5 இன் பறப்புப் பாதைத் தரவுகள் அத்தொகுதிக்கான தேவைக் குறிப்பில் இடம்பெறவில்லை. அப்பாதையைக் கொண்டு தொகுதி சோதிக்கப்படவுமில்லை. தனியொருவர்மீது பழி சுமத்தாது இவ்விரு குறைகளையும் வெளிக்கொணர்ந்தமையே அறிக்கையின் சிறப்பு எனலாம்.

எனினும், அதன் அழுத்தம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. மென்பொருளில் மறைந்துள்ள எடுகோள்களை இனங்காணல் வேண்டும் எனும் கருத்து, 14 விதப்புரைகளுள் ஒன்றன் பகுதியாகவே அடங்கிவிடுகின்றது. உண்மையான கருவிகளோடு முழுத் தொகுதியையும் சோதிக்க வேண்டும் எனும் விதப்புரை அவசியமானதே. ஆயினும், எல்லாச் சூழல்களையும் ஆய்வுகூடத்தில் உருவாக்குதல் இயலாது. எவ்வேகம், எவ்வெல்லை, எக்கருவி என்பன சோதனையோடு சேர்த்து எழுதப்பட்டிருப்பின், அது வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்படும்போது மீளச் சோதிக்கவேண்டியது யாதென்பது புலப்படும். 1997 இல் ஜெசெக்கேல், மெயர் ஆகியோர், இத்தகைய நிபந்தனை நிரலிலேயே ஒப்பந்தம்போல் எழுதப்பட்டிருத்தல் வேண்டுமென வாதிட்டதும் இதனாலேயே.

இலக்கியப் படைப்பை அது தோன்றிய சூழலிலிருந்து பிரித்து மதிப்பிடலாகாது என்பது திறனாய்வு மாணவர் அறிந்ததே. சோதனை முடிவும் அத்தகையதே. பழைய வெற்றி புதிய களத்துக்குச் சான்றாகாது. அது எந்நிபந்தனைகளின்கீழ் வெற்றி என்பதை அறிந்த பின்னரே அதனை நம்பலாம்.