ஃபோகோ தீவின் போர்வைகள்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே அட்லாண்டிக்கில் கிடக்கிறது ஃபோகோ தீவு. தலைமுறைகளாக அதற்குச் சோறு போட்டது காட் மீன். 1992ல் அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தியதும் பிழைப்பு ஆட்டம் கண்டது. அங்கேயே பிறந்து, வெளியே பெரும் பணம் ஈட்டித் திரும்பிய ஸீட்டா காப் முன்னின்று எழுப்பிய ஃபோகோ ஐலண்ட் இன் என்ற விடுதி 2013ல் திறந்தது. மொத்தம் 29 அறைகள்தான். கரைப் பாறைமேல் மரக்கால் ஊன்றிய மீனவர் கொட்டகைகளைப் பார்த்து, கட்டடக் கலைஞர் டாட் சாண்டர்ஸ் இதற்கும் கால் வைத்தார்.

கட்டடத்தின் படங்களைத்தான் பத்திரிகைகள் போடுகின்றன. என் ஓட்டு கட்டில்மேல் கிடக்கும் போர்வைக்கு. தீவுப் பெண்கள் கையால் தைத்தது. பட்டை பட்டையாக வெட்டிய துணிகள். பூப்போட்டதன் பக்கத்தில் கட்டம்போட்டது, அதை ஒட்டி ஒரு முரட்டுச் சிவப்பு. பழைய சட்டையில் நைந்துபோகாத பகுதியை வெட்டிச் சேர்த்த சிக்கனத்தில் பிறந்த கலை. இயந்திரத்தில் அச்சடித்தாற்போல இருந்தால் யார் ரசிப்பார்கள்?

வாடகை நம் கைக்கு எட்டாது, அது வேறு கதை. ஆனால், கொடுக்கும் பணத்தில் சம்பளத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று, பிஸ்கட் பாக்கெட்டில் சத்து விவரம் போடுவதுபோல அச்சிட்டே காட்டுகிறார்கள். மிஞ்சும் லாபம் ஷோர்ஃபாஸ்ட் அறக்கட்டளை வழியாகத் தீவுக்கே போகிறது.