குட்டிச்சாத்தானுக்கே என் ஓட்டு

குன்னத்துகாலில் ரப்பர் வெட்டப் போனவர்கள் பாலெடுத்து, உறைய ஊற்றி வைத்துவிட்டு, ஒன்பதரை மணிவாக்கில் சாயாக்கடைக்கு வந்து சேருவார்கள். அந்த நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்தால் சினிமா பேச்சு காதில் விழாமல் இருக்காது. அதிலும் மாயாஜாலப் படம் என்றால் கட்டன் சாயா ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை நடக்கும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கொட்டகையில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1956 நவம்பரில் களியக்காவிளையில் மாநில எல்லைக் கோடு போட்டு ஊரைப் பிரித்தார்கள். படங்களை யாராலும் பிரிக்க முடியவில்லை. பாறசாலையில் ஒரு படம், மார்த்தாண்டத்தில் ஒரு படம் என்று ஒரே வாரத்தில் இரண்டு மொழியிலும் பார்த்துவிடுகிற பாக்கியம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்!

எங்கள் சண்டைக்கு ஒரு சட்டம் உண்டு. வசூல் பேசக்கூடாது. நடிகன் பெயரைச் சொல்லிக் கத்தக்கூடாது. நெஞ்சைப் பிடித்து உலுக்கிய ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும், அதை எடுத்த டைரக்டர் யாரென்றும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கடைக்காரர் மாமா எப்போதும் 'மாயாபஜார்' பக்கம்தான். கே.வி. ரெட்டி 1957-இல் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம். எல்லாரும் எஸ்.வி. ரங்காராவ் விருந்தை விழுங்கித் தீர்க்கிற பாட்டைச் சொல்வார்கள், லட்டு தானாக எழும்பி வாய்க்குள் போவதைச் சொல்வார்கள். மாமா அதைத் தொடவே மாட்டார். "சாவித்திரியைப் பாருங்கலே!" என்பார். வத்சலா உருவத்தில் கடோத்கஜன் புகுந்திருக்கிறான். பட்டுச்சேலை, பூ, நகை எல்லாம் பெண்ணுடையது. ஆனால் அந்த நடை, அந்தத் தோள், யாரும் பார்க்காத சமயத்தில் முகத்தில் எட்டிப் பார்க்கிற அந்த அரக்கத்தனம்! மார்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரம் ஒன்றும் அங்கே வேலை செய்யவில்லை. ஒரு நடிகையின் உடம்பே மாயம் செய்கிறது. அந்தக் காட்சிக்காக மாமாவோடு நானும் ஒரு சாயா அதிகமாகக் குடிப்பேன்.

பால்வெட்டு அண்ணாச்சிக்கு பி. விட்டலாச்சார்யா. 1978-இல் வந்த 'ஜெகன்மோகினி'யில் பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கிற காட்சியை அவர் சொல்லும்போது, முதல் தடவை கேட்பவன் போலத்தான் நான் வாய்பிளந்து நிற்பேன். என்ன ஒரு கற்பனை! இருந்தாலும் அது பயமும் வியப்பும் தருகிறது, அழுகை தரவில்லை. பள்ளிக்கூடத்து சார் ஒருவர் பத்மராஜனின் 'ஞான் கந்தர்வன்' பெயரை எடுத்தால் கடையே அமைதியாகிவிடும். கடற்கரையில் கிடைத்த மரப்பொம்மையிலிருந்து ஒரு கந்தர்வன் வந்து ஒரு பெண்ணை நேசிக்கிறான், அதற்காகத் தண்டனை வாங்குகிறான். 1991 ஜனவரியில் அந்தப் படம் வெளியாகி இரண்டு வாரத்துக்குள் பத்மராஜன் காலமாகிவிட்டார். சார் அந்தத் தேதியைச் சொல்லாமல் பேச்சை முடித்ததே இல்லை.

மருமகள் காலேஜில் படிக்கிறாள். பீட்டர் ஜாக்சனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகத்தையும் கரைத்துக் குடித்தவள். மூன்றாம் பாகம் 11 ஆஸ்கர் வாங்கியதைச் சொல்லப் போனவளை, சட்டம் காட்டி நிறுத்தினோம். உடனே காட்சியைச் சொன்னாள். மோதிரத்தை என்னால் சுமக்க முடியாது, ஆனால் உன்னைச் சுமப்பேன் என்று சாம் தன் நண்பனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எரிமலையில் ஏறுகிறானே, அது. நான் கைதட்டினேன். அவளுக்கு ராஜமௌலியும் பிடிக்கும். எனக்கோ 'பாகுபலி'யைவிட 2012-இல் வந்த 'நான் ஈ'தான் உசத்தி. கொலையுண்ட காதலன் ஈயாகப் பிறந்து வருகிறான். நுண்கலை செய்கிற பெண் அந்த ஈக்குப் பொடிப்பொடியாகக் கண்ணாடியும் ஆயுதமும் செய்து கொடுக்கிறாள். முத்தமிட முடியாது, கட்டிப்பிடிக்க முடியாது, பேசக்கூட முடியாது. மிச்சம் இருக்கிற காதல் முழுவதையும் அவள் விரல்நுனியில் வைத்து அந்தக் கண்ணாடியை மாட்டிவிடுகிறாள். ஒரு ஈக்காக ஒரு கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சியதை நான் என் காதால் கேட்டேன்.

இதிலிருந்துதான் எனக்கு ஒரு அளவுகோல் பிடிபட்டது. மாயசக்தி உள்ளவனுக்கு வலிக்க வேண்டும். நம்மைவிட அதிகமாக வலிக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் படம் கொட்டகையை விட்டு நம்மோடு வீட்டுக்கு வருகிறது.

அப்படி வந்தவள்தான் நீலி. கள்ளியங்காட்டு நீலியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கள்ளியங்காடு இங்கிருந்து தெற்கே, நாகர்கோவில் பக்கம் பார்வதிபுரத்தை ஒட்டி இருக்கிறது. கேரளத்தில் கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதீகமாலை' படித்தவர்கள் அவளை ரத்தம் குடிக்கிற யட்சியாக அறிவார்கள், கடமற்றத்துக் கத்தனார் ஆணி அடித்து அடக்கியவளாக அறிவார்கள். எல்லைக்குத் தெற்கே அவள் இசக்கி. ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் கோயில் கொண்டவள். நகைக்காகக் காதலனே அவளைக் கொல்கிறான். மறுபிறவியில் அவள் கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன்தான் என் புருஷன் என்று பஞ்சாயத்தில் வந்து நிற்கிறாள். கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோலை ஓங்கி அடித்து அந்தக் கள்ளிக் கொப்பு குழந்தையாகிற இடத்துக்கு வரும்போது, வில்லின் மணிகள் எல்லாம் சேர்ந்து அதிரும். முன்வரிசையில் இருக்கிற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வார்கள். பழிவாங்கப் போகிறவளுக்காகத்தான் அந்தக் கண்ணீர்.

ஆகவே 2025 ஓண நேரத்தில் டொமினிக் அருண் 'லோகா'வில் நீலியைக் கொண்டுவந்தபோது எங்கள் பக்கம் ஒரு துள்ளல் துள்ளியது! கல்யாணி பிரியதர்ஷன் பெங்களூரில் ஒரு ஃபிளாட்டில் சந்திரா என்ற பெயரில் வாழ்கிறாள். சண்டைக் காட்சியெல்லாம் பிரமாதம், ஜேக்ஸ் பிஜோயின் இசை எலும்பில் ஏறுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, அரசனின் ஆட்களால் தன் கூட்டத்தை இழக்கிற அந்தக் காட்டுச் சிறுமியின் கதை. நூற்றாண்டுகளாகக் கதைகளில் ஆணியடித்து வைத்த பெண்ணின் பக்கம் ஒரு டைரக்டர் போய் உட்கார்ந்து, உனக்கு என்ன நடந்தது தாயே என்று கேட்டிருக்கிறார். படம் முடிந்து வெளியே வந்ததும், பக்கத்து வீட்டு அக்கா, "நம்ம இசக்கியம்மையைத்தானே மக்களே காட்டினான்?" என்றாள். ஆமாம் அக்கா, அவளையேதான்.

இவ்வளவு சொன்னபிறகும் என் ஓட்டு ஜிஜோ புன்னூஸுக்குத்தான். அதில் மாற்றமே கிடையாது. 1984 ஆகஸ்டில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் 3டி படம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 'சுட்டிச் சாத்தான்'. பிள்ளையாக இருந்தபோது திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கண்ணாடி போட்டால் மெட்ராஸ் ஐ ஒட்டும் என்று ஒரு புரளி வேறு. யார் கேட்டார்கள்! ஐஸ்கிரீம் திரையை விட்டு என் மூக்குக்கு நேரே நீண்டு வந்தபோது நான் மட்டுமா, வரிசை முழுக்கக் கையை நீட்டியது.

பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து ஆடுகிற பாட்டு இருக்கிறதே, அதை இன்றைக்கும் வாய்மூடாமல்தான் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது. கலை இயக்குநர் கே. சேகர் ஒரு அறை முழுவதையும் இரும்புச் சட்டத்துக்குள் கட்டினார். அறை சுழலும்போது அதோடு பிணைத்த கேமராவும் சுழலும். அதனால் நம் கண்ணுக்கு அறை அசையாமல் நிற்கும், பிள்ளைகள் மட்டும் சுவரில் ஏறிப் போவார்கள். 2010-இல் கிறிஸ்டோபர் நோலன் 'இன்செப்ஷ'னில் ஓட்டல் நடைக்கூடத்தைச் சுழற்றியதை உலகமே கொண்டாடியது. அதற்கு 26 வருடம் முன்பே எங்கள் கேரளத்தில் மூன்று பிள்ளைகள் கூரையில் நடந்துவிட்டார்கள்! அசோக்குமாரின் கேமரா, இளையராஜாவின் இசை. தமிழ்ப் பிள்ளைக்கும் மலையாளப் பிள்ளைக்கும் அதில் சொந்தம் சமம்.

இத்தனை வித்தைக்கும் நடுவில் குட்டிச்சாத்தான் யார்? ஒரு மந்திரவாதிக்கு அடிமைப்பட்ட சின்னப் பையன். எதை வேண்டுமானாலும் வரவழைக்கத் தெரிந்தவனுக்குத் தன்னை விடுவித்துக்கொள்ளத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வந்துதான் விடுவிக்க வேண்டும். கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் மந்திரவாதியாக நிற்கும்போது அந்தப் பையனின் முகத்தைப் பாருங்கள். கடைசியில் அவன் பிள்ளைகளை விட்டுப் பிரிகிறான். சாத்தானுக்காக அழுத பிள்ளைகள் நாங்கள். அடிமைத்தனம் என்றால் என்ன என்று எந்தப் பாடப்புத்தகமும் அதற்குமுன் எனக்குச் சொன்னதில்லை.

முதலில் 'படயோட்டம்', பிறகு 'குட்டிச்சாத்தான்'. ஜிஜோ இயக்கிய முழுநீளப் படங்கள் அவ்வளவே. இரண்டே படத்தில் ஒருவர் இப்படி ஒரு இடத்தைப் பிடித்திருக்கிறார் என்றால், கே.வி. ரெட்டிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடத்தான் வேண்டும்.

நேமம் மெரிலாண்ட் ஸ்டுடியோவில் பி. சுப்பிரமணியம் எடுத்த 'குமாரசம்பவம்', 'சுவாமி ஐயப்பன்' பற்றியும், 'திருவிளையாட'லில் தானே நக்கீரனாகி இறைவனோடு வாதாடிய ஏ.பி. நாகராஜன் பற்றியும் பேச ஆட்கள் உண்டு. அவையெல்லாம் பக்திப் படமா, மாயாஜாலப் படமா என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

காரக்கோணம், வெள்ளறடைப் பக்கம் வருகிறவர்கள் காலையில் எங்கள் சாயாக்கடைக்கு வாருங்கள், உங்கள் காட்சியைச் சொல்லுங்கள். 'குட்டிச்சாத்தான்' பார்க்காத பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அதைப் போட்டுக் காட்டுங்கள். எங்காவது மறுபடியும் கொட்டகையில் 3டி-யில் போட்டால், விடுமுறை எடுத்தாவது கூட்டிக்கொண்டு போங்கள்.