முகப்பருவும் அழகுக் குறிப்புகளும்

நம் ஏடுகளின் மகளிர் பகுதியில் ஆண்டு தவறாது இடம்பெறும் பொருள்களுள் முகப்பரு ஒன்று. அக்குறிப்புகளைத் தொகுத்துப் படித்தால், எழுதுவோர் மாறினும் கூற்று மாறுவதில்லை என்பது புலனாகும். உடற்சூடு, கெட்ட இரத்தம், முகத்து அழுக்கு ஆகிய மூன்றும் காரணங்கள். கடலை மாவு, எலுமிச்சைச் சாறு, பற்பசை ஆகிய மூன்றும் மருந்துகள். இவை இலக்கியமாகா என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் திருக்குறளினும் ஊன்றிப் படிப்பது இவற்றைத்தான். ஆதலின் இவற்றையும் திறனாய்வுக்கு உட்படுத்தல் வேண்டும்.

முதற்கண் காரணத்தைக் காண்போம். 1941இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இளமையிலேயே விதை நீக்கப்பட்ட ஆடவர்க்குப் பரு தோன்றுவதில்லை என்றும், அவர்க்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தியபோது பரு தோன்றியது என்றும் காட்டினார். பெண்ணுடலிலும் இந்த ஹார்மோன் சிறிதளவு சுரக்கிறது. பருவம் எய்தும்போது அது தோலின் நெய்ச்சுரப்பிகளைப் பெருக்கச் செய்கிறது. அவை 'சீபம்' என்னும் கொழுப்பை மிகுதியாகச் சுரக்கின்றன. அதே வேளையில் மயிர்க்காலின் உட்புறத்து உயிரணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் ஒருவகை நுண்கிருமி பெருகத் தோல் சிவந்து வீங்குகிறது. இதில் சூட்டுக்கு இடம் எங்கே? கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கன்று. தோலின் நிறமியும் காற்றுப்பட்ட கொழுப்புமே அது. அழுக்கென்று எண்ணி நாளைக்கு ஆறுமுறை சோப்பிட்டுத் தேய்க்கும் பிள்ளை, தன் தோலைப் புண்ணாக்குவதன்றி வேறு பயன் காண்பதில்லை.

ஆனால் அழகுக் குறிப்புகள் சொல்லத் தவறிய ஒரு காரணம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தலைக்குப் பூசும் எண்ணெயும் பசைகளும் வழிந்து நெற்றியோரத்தில் பரு உண்டாவதைப் பிளீவிக், புல்ட்டன், கிளிக்மன் ஆகிய மூவர் 1970இல் எழுதினர். தலைநிறைய எண்ணெய் வைத்துச் சீவும் நம் வழக்கத்தோடு இது நேரே பொருந்துவது. இதனை எழுதினால் பாட்டிமார் சினப்பர் என்று அஞ்சினரோ, அறியேன்.

இனி மருந்து. தெங்கேராவின் பழைய நோன்யா வீடுகளில் பெண்கள் பூசிய 'பெடாக் செஜுக்' பலருக்கு நினைவிருக்கும். அரிசியைப் பல நாள் நீர்மாற்றி ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அரைத்துச் சிறு துளிகளாக இட்டு உலர்த்திய மாவு அது. நீரில் குழைத்துப் பூசினால் முகம் குளிரும். மேலே மிதக்கும் நெய்ப்பசையும் சற்றே உறிஞ்சப்படும். அதனால் பெருங்கேடு இல்லை. சுரப்பியை அது அடக்குவதும் இல்லை. குளிர்ச்சியைக் குணம் என்று கொண்டதே பிழை.

மேற்பூச்சு மருந்துகளின் எல்லையையும் தெளிவாகச் சொல்லல் வேண்டும். பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் குறைக்கிறது. வைட்டமின் ஏ வகையைச் சார்ந்த டிரெட்டினாயின், அடாபலீன் ஆகியவை மயிர்க்காலின் அடைப்பை நீக்குகின்றன. இவற்றுள் எதுவும் ஹார்மோனின் ஏவலைத் தடுப்பதன்று. அவ்வேலையைத் தோலிலேயே செய்யும் முதற்பூச்சான கிளாஸ்கோட்டெரோன் அமெரிக்காவில் 2020இல்தான் ஒப்புதல் பெற்றது. "ஏழு நாளில் மறையும்" என்று எழுதும் கைகள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. நல்ல மருந்துக்கே எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகின்றன.

பொறுமையிழந்தவர் எங்குச் செல்கின்றனர் என்பதே என் கவலை. நம்மனைய கருநிறத் தோலில் பரு ஆறிய பின்னும் கறுத்த வடு மாதக்கணக்கில் நிற்கும். பருவைவிட அவ்வடுவுக்கே நம் பெண்கள் அழுகின்றனர். அவர்களை நோக்கியே இரவுச் சந்தைகளிலும் கைப்பேசி விற்பனையிலும் பெயர்தெரியாத 'நைட் கிரீம்' புட்டிகள் வருகின்றன. அத்தகைய பொருள்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை மறைவாகக் கலந்திருப்பதாக நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை அறிவித்து, அவற்றின் பதிவை நீக்கியிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பீட்டாமெத்தசோன் முதலில் முகத்தைப் பளபளப்பாக்கிப் பின்னர்த் தோலை மெலியச் செய்து, தானே புதிய பருக்களைத் தோற்றுவிக்கும். டிரெட்டினாயினைக் கருவுற்ற பெண்கள் தவிர்த்தல் வேண்டும். புட்டியில் அப்பெயரே இல்லாதபோது அவர்கள் எவ்வாறு தவிர்ப்பர்?

மகளிர் பகுதியின் ஆசிரியர்கள் அடுத்த முறை இப்பொருளை எடுக்கும்போது எலுமிச்சைக்கு ஒதுக்கிய நான்கு வரிகளை இவ்வறிவிப்புக்கு ஒதுக்கலாம். மருந்தைப் பருவின் மீது மட்டும் வைக்காது, பரு தோன்றும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும் என்றும், முதல் சில வாரங்களில் தோல் உரிவது இயல்பு என்றும், பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையின் சாயத்தை வெளுக்கச் செய்யும், ஆதலால் வெள்ளை உறையே ஏற்றது என்றும் எழுதலாம்.