காட்டு ஆட்டத்துக்கு எந்தக் குழல்?

பெயின்ட்பால் ஆட்டத்துக்குச் சொந்தமாக மார்க்கர் (சாயக்குண்டு சுடும் துப்பாக்கி) வாங்கியவர்கள் முதலில் மாற்ற நினைப்பது அதன் குழலைத்தான். மார்க்கரின் உள்ளுறுப்புகளைத் தொடத் தயங்குகிறவர்கூடப் பழைய குழலைத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திவிடலாம். அதனால்தான் குழல் விற்பனையில் இத்தனை வாக்குறுதிகள்: நேராகப் போகும், தூரம் போகும், மரத்தைச் சுற்றி வளைந்துகூடப் போகும். காற்றடைத்த தடுப்புகளுக்கிடையே திறந்தவெளியில் நடக்கும் போட்டிக்குச் சரியாக இருக்கிற பதில், புதரும் சரிவும் ஈர இலையும் நிறைந்த காட்டுக்குச் சரியாக இருக்காது. எனவே காட்டை மட்டும் மனத்தில் வைத்து இவற்றை எடைபோடுகிறேன்.

முதலில் நீளம். கடைகளில் 8 அங்குலம் முதல் 16 அங்குலம் வரை கிடைக்கிறது. நீண்ட குழல் குண்டைத் தூரமாக அனுப்பும் என்ற நம்பிக்கை வெடிமருந்துத் துப்பாக்கியிலிருந்து வந்தது. வெடிமருந்தின் அழுத்தம் நெடுநேரம் தள்ளிக்கொண்டே இருப்பதால் அங்கே அது ஓரளவு உண்மை. பெயின்ட்பாலில் நிலைமை வேறு. ஆடுகளம் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது: வினாடிக்கு 300 அடி, காட்டுக் களங்கள் பலவற்றில் 280. ஆட்டம் தொடங்குமுன் வேகமளக்கும் கருவியான குரோனோகிராஃபில் சுட்டு, வேகத்தை அந்த வரம்புக்குள் கொண்டுவந்த பிறகே உள்ளே விடுவார்கள். 8 அங்குலக் குழலும் 16 அங்குலக் குழலும் ஒரே வேகத்தில்தான் குண்டை வெளியே விட வேண்டும் என்று ஆனபின், நீளம் எப்படித் தூரத்தைக் கூட்டும்? ஒரே வேகத்தில் ஒரே கோணத்தில் கிளம்பும் இரண்டு குண்டுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான மார்க்கர்களில் வாயுவின் தள்ளுவிசை முதல் 8 அங்குலத்திலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது உராய்வுதான். துளையே இல்லாத நீண்ட குழலில் அதே வேகத்தை எட்டக் கூடுதல் வாயு செலவாகும். ஆகவே 14 அங்குலக் குழலை வடிவமைப்பவர்கள் முன்பகுதியில் துளைகள் போட்டுவிடுகிறார்கள். குண்டு அந்தப் பகுதியை அடையும்போது பின்னாலுள்ள அழுத்தம் துளைகள் வழியே வெளியேறுகிறது. பார்வைக்கு 14 அங்குலம் இருந்தாலும், குண்டைத் தள்ளுகிற பகுதி 8 அங்குலத்தை ஒட்டியே இருக்கும்.

அப்படியானால் அந்த முன்பகுதி எதற்கு? காட்டில் ஆடுகிறவர் நன்றாக யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான். விடைக்கு முதல் ஆட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹென்னிக்கர் என்ற ஊருக்கு அருகேயுள்ள காட்டில் இந்த ஆட்டம் முதன்முதலாக ஆடப்பட்டது. ஹேய்ஸ் நோயல், சார்லஸ் கெய்ன்ஸ், பாப் கர்ன்ஸி ஆகியோர் ஏற்பாடு செய்த அந்த ஆட்டத்தில் 12 பேர் கலந்துகொண்டார்கள். அவர்கள் கையில் இருந்தது, மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளச் சாயம் வைக்கப் பயன்பட்ட நெல்ஸ்பாட் 007. ஆளுக்கொரு பக்கமாகக் காட்டுக்குள் புகுந்து கொடிகளைச் சேகரித்துக்கொண்டு வெளியேற வேண்டும். வென்றவர் ரிச்சி வைட், காடறிந்த மனிதர். அவர் ஒரு குண்டுகூடச் சுடாமல் வென்றார். எதிராளி உங்களைக் காணும் முன் நீங்கள் அவரைக் காண்பதே காட்டு ஆட்டத்தின் சாரம் என்பதற்கு அந்த முதல் ஆட்டத்தைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆனால் சுட்ட கணமே நம் இடம் வெளிப்பட்டுவிடுகிறது. அடர்ந்த காட்டில் கண்ணைவிடக் காதுதான் முதலில் எச்சரிக்கும். குண்டு வெளியேறியதும் அழுத்தம் ஒரே வாய் வழியே பீறிட்டால் ‘டப்’ என்ற கூர்மையான ஓசை எழுகிறது. வரிசையான துளைகள் அந்த அழுத்தத்தைப் படிப்படியாக வெளியே விடுவதால் ஓசை மழுங்குகிறது. மார்க்கரின் உள்ளே சுத்தியல் அடிக்கும் ஒலி குறையாதுதான், ஆயினும் அது தூரம் செல்லாது. எதிரிலிருப்பவர் ‘இந்தப் பக்கம் எங்கோ’ என்று அறிவார். எந்த மரத்தடி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குழல் மாற்றுவதால் காட்டில் கிடைக்கிற ஐயமற்ற முதல் ஆதாயம் இது. டிப்மன் ஏ-5 மார்க்கரோடு வரும் எட்டரை அங்குலக் குழல் உழைப்புக்குப் பெயர்போனது. ஓசையில்தான் அது தோற்கிறது.

துளைகளுக்கு விலையும் உண்டு. குழலுக்குள் குண்டு உடைந்தால் சாயம் துளைகளில் புகுந்து ஒட்டிக்கொள்ளும். துடைப்புக்கோலை ஒருமுறை இழுத்தால் போதாது, இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். எதிராளி நெருங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வினாடிகள் பெரியவை. முழுநீளமும் சல்லடையாகத் துளைத்த குழலை நான் ஒதுக்குவது இதனால்தான். கடைசி நான்கு அங்குலத்தில் மட்டும் துளையிருந்தால் ஓசையும் அடங்கும், துடைப்பதும் எளிது.

நீளத்துக்குக் காடு தன் பங்குக்கும் வரம்பு போடுகிறது. 16 அங்குலக் குழலோடு புதருக்குள் தவழ்ந்தால் ஒவ்வொரு செடிகொடியிலும் அது சிக்கும், சிக்குவதால் இலை அசையும், அசைவு காட்டிக்கொடுக்கும். மிகக் குட்டையான குழலுக்கு வேறொரு குறை. இலை மறைவிலிருந்து சுடும்போது குழலின் வாய் இலைகளுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். மெல்லிய ஜெலட்டின் தோல் கொண்ட குண்டு முதல் சுள்ளியிலேயே உடையும். 12 அங்குலம் இருந்தால் உடலை மறைவில் வைத்துக்கொண்டே வாயை இலைத்திரைக்கு வெளியே நீட்டலாம்.

அடுத்தது உள்விட்டம். பெயரளவில் பெரும்பாலான குண்டுகள் 0.68 அங்குலம். உண்மையில் பெட்டிக்குப் பெட்டி, பருவத்துக்குப் பருவம் மாறும். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். காலைப் பனியில் திறந்த பெட்டி மதியத்தில் அதே அளவில் இருப்பதில்லை. ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனத்தின் ஃப்ரீக் குழல் இதற்காகவே எட்டு உட்குழாய்களோடு வந்தது: 0.679 முதல் 0.695 அங்குலம் வரை, மொத்த வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. விட்டம் பொருந்தினால் குறி துல்லியமாகும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொருத்தம் சரியாக இருந்தால் வாயு பக்கவாட்டில் கசியாது, வேகம் குண்டுக்குக் குண்டு சீராக இருக்கும். அதனால் மேல்கீழ்ச் சிதறல் சற்றுக் குறையலாம். வெளியே வந்தபின் குண்டு இடமா வலமா என்று விலகுவதைத் தீர்மானிப்பது அதன் உருண்டை வடிவமும் தையலும் காற்றும்தான்.

காட்டில் பொருத்தம் பார்ப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. மேட்டிலிருந்து கீழ்நோக்கிக் குறிவைக்கும்போது, தளர்வான குழலில் குண்டு தானாகவே உருண்டு வெளியே விழுந்துவிடக்கூடும். விசையை இழுத்தால் வெறும் காற்று. மிக இறுக்கமாக இருந்தால், களத்தில் விற்கும் மலிவான, அளவு சீரற்ற குண்டுகள் உள்ளேயே உடையும். சோதனை எளியது. குழலை மார்க்கரிலிருந்து முற்றிலும் கழற்றிய பிறகு குண்டை உள்ளே போடுங்கள். தானாக ஓடிவிட்டால் குழல் பெரிது. நின்றுகொண்டு, வாயால் ஊதினால் நகர்ந்தால் சரியான அளவு. எட்டு உட்குழாய் யாருக்கும் வேண்டியதில்லை; 0.682, 0.687, 0.691 என்று மூன்று போதும்.

குழலுக்குள் சுருள்வரி போட்ட ரைஃபிள் வகைக் குழல்களை விரைவாகக் கடந்துவிடலாம். தோட்டா நீண்டு கூர்மையானது. சுழற்சி அதன் முனையை முன்னோக்கியே வைத்திருக்கிறது. உருண்டைக்கு முனை ஏது? உள்ளே திரவம் வேறு. தோல் சுழலத் தொடங்கும்போது சாயம் உடனே சேர்ந்து சுழலாது. கிரிக்கெட்டில் சுழற்சியின்றி வீசப்படும் நக்கிள் பந்து காற்றில் தடுமாறுவதுபோல் சாயக்குண்டும் தடுமாறும் என்பது உண்மை. வரிகள் தரும் சிறு சுழற்சி அந்தத் தடுமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் என்று நம்பிப் பணம் கொடுக்க மாட்டேன். வரிகளுக்கிடையே சாயம் தங்குவது மட்டும் நிச்சயம்.

பின்சுழற்சிக் குழல்கள் இதைவிட மரியாதையோடு எடைபோட வேண்டியவை, ஏனெனில் அவற்றின் இயற்பியல் மெய்யானது. டிப்மனின் ஃப்ளாட்லைன் குழல் மெல்ல வளைந்திருக்கும். ஏபெக்ஸ் குழலின் நுனியில் ஒரு சரிவுப் பரப்பு இருக்கும். இரண்டும் குண்டைப் பின்னோக்கிச் சுழலவிடுகின்றன. சுழலும் பந்தைக் காற்று ஒருபுறமாகத் தள்ளும் மேக்னஸ் விளைவால் குண்டு மேல்நோக்கித் தாங்கப்பட்டுத் தட்டையான பாதையில் கூடுதல் தூரம் போகிறது. ஏபெக்ஸின் நுனியைப் பக்கவாட்டில் திருப்பினால் குண்டு வளைந்து செல்லும். மரத்துக்குப் பின்னால் நிற்பவரைச் சுடலாம் என்ற ஆசை இங்கே பிறக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 280 அடி வேகத்தில் கிளம்பினால் காற்றின் தடையால் 30 மீட்டரிலேயே ஏறத்தாழப் பாதி வேகத்தை இழந்துவிடுகிறது. சுழற்சி தரும் விசை குண்டின் எடைக்குச் சமம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 15 மீட்டரில் அது பக்கவாட்டில் விலகுவது சுமார் 20 சென்டிமீட்டர். ஒரு நல்ல மரத்தின் தடிமன்கூட இல்லை. 30 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் வளையும். ஆனால் அடர்காட்டில் அத்தனை தூரம் தடையின்றிப் பறக்க வெளி எங்கே? இடையில் ஒரு இலை போதும். அதையும் தாண்டி நெடுந்தூரம் போகும் குண்டோ, வேகம் இழந்து, ஆள் மேல் பட்டும் உடையாமல் துள்ளிவிடும் வாய்ப்பு அதிகம்; உடையாத குண்டு கணக்கில் வராது. அதோடு ஃப்ளாட்லைன் குழல் எளிதில் உடையும் குண்டுகளைப் பொறுக்காது. மரங்கள் விலகி நிற்கும் காட்டில், வெட்டவெளியைக் காவல் காக்கும் ஆட்டக்காரருக்கு அது பயன்படும். பொதுவான காட்டு ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழல் செய்யப்பட்ட பொருள் எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அலுமினியம் போதும், கார்பன் ஃபைபர் எடை குறைக்கும், விலை கூட்டும். மரையை மட்டும் கவனித்து வாங்குங்கள்: டிப்மன் 98-க்கான மரை ஏ-5-இல் ஏறாது, ஆட்டோகாக்கர் மார்க்கருக்கான மரை இரண்டிலும் ஏறாது.

என் தீர்ப்பு இது: 12 அங்குலம், உட்புறம் வழவழப்பான அலுமினியக் குழல், நுனி நான்கு அங்குலத்தில் மட்டும் துளைகள், மாற்றத்தக்க மூன்று உட்குழாய்கள். ஒரே விட்டத்தில்தான் வாங்க முடியும் என்றால் 0.687. ஆடாத நேரத்தில் குழல்வாயில் மாட்டும் உங்கள் பழைய பாதுகாப்பு உறை புதிய குழலின் துளைகளை முழுதாக மூடுகிறதா என்று பார்த்து, மூடாவிட்டால் உறையையும் மாற்றுங்கள். அதற்குமேல் குழலுக்காக ஒதுக்கிய பணம் மிஞ்சினால், புதிதாக வந்திறங்கிய நல்ல குண்டுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். நீங்கள் தேடிய துல்லியம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.