அரசுகளின் தோற்றமும் எண்ணப்படாத மக்களும்

சர்வதேசச் சட்டத்தில் ஓர் அரசு எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு பிளவுறுகின்றது என்னும் ஆராய்ச்சியில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பேராசிரியர் ஜேம்ஸ் குரோஃபோர்ட். ஒக்ஸ்போட்டில் கலாநிதிப் பட்டத்துக்கென அவர் செய்த ஆய்வே 1979இல் 'சர்வதேசச் சட்டத்தில் அரசுகளின் உருவாக்கம்' என்னும் நூலாயிற்று. 2006இல் அதன் இரண்டாம் பதிப்பு விரிந்து வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் பேராசிரியராயிருந்து, பின்னர் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாகி, 2021இல் அவர் மறைந்தார். அவர் பிறந்தது 1948 நவம்பர் 14ஆம் நாள். மறுநாள் இலங்கையில் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தற்செயலான ஒற்றுமைதான், எனினும் ஹற்றனிலிருந்து இந்நூலைப் படிப்பவனுக்கு அது எளிதில் மறவாது.

ஒரு நிலப்பரப்பை ஒருசாரார் கைக்கொண்டு ஆள்வதனால் மட்டும் அரசு விளைந்துவிடாது. அது சட்டம் சார்ந்த ஒரு தகுதி என்பதை நிலைநாட்டியமையே இந்நூலின் பெருமை. 1933ஆம் ஆண்டு மொன்ரெவிடியோ உடன்படிக்கை கூறிய நான்கு இலக்கணங்களாகிய நிலையான குடிகள், வரையறுத்த நிலம், ஆட்சி, பிற அரசுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் என்பவற்றை அது வரலாற்றோடு உரைத்துப் பார்க்கின்றது. சுதந்திரம் என்பதைப் பற்றிய ஆய்வு மிக நுட்பமானது. குடிகளைப் பற்றிய பகுதியோ மிகச் சுருங்கியது. குடிகள் இருத்தல் வேண்டும். இத்துணைப் பேர் என்னும் வரையறை இல்லை. குடியுரிமை அரசைச் சார்ந்தது, அரசு குடியுரிமையைச் சார்ந்ததன்று என்ற அளவில் ஆசிரியர் அமைந்துவிடுகின்றார்.

தருக்கத்தில் குறை காண்டல் அரிது. ஆயின் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து நோக்கின் அச்சுருக்கமே உறுத்துகின்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. நுவரெலியாத் தொகுதியில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்தை வழிப் பிறப்புச் சான்றுகளைக் கேட்டது. 1949ஆம் ஆண்டுத் திருத்தம் வாக்கைப் பறித்தது. 1952இல் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை. மொன்ரெவிடியோ இலக்கணப்படி இம்மக்களும் இலங்கை அரசை ஆக்கிய நிலையான குடிகளே. ஆக்கிய அரசோ அவர்களைத் தன் குடிகளாக எண்ணவில்லை.

1948 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபைக்குள் இலங்கை புகுவதைச் சோவியத் ஒன்றியம் தடுத்தது. பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு ஒப்பந்தங்களைச் சுட்டி, இது மெய்யான சுதந்திர நாடுதானா என்று ஐயுற்றது. 1955இலேயே இடம் கிடைத்தது. திருகோணமலைத் துறைமுகம் அரசுத் தகுதியைப் பற்றிய வினாவாயிற்று. மலைநாட்டு மக்கள் ஆகவில்லை!

பிரிவினை பற்றிய அதிகாரத்தில் தமிழீழக் கோரிக்கை, கட்டங்கா, பயாப்ரா முதலியவற்றோடு ஈடேறாத முயற்சிகளின் வரிசையில் வருகின்றது. மலையகத்தார் அவ்வரிசையில் சேரார். 1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் தனியரசுக் கோரிக்கையைத் தொண்டமானின் காங்கிரஸ் ஏற்கவில்லை. வெளியேற விழையும் மக்களை ஆராய்வதற்குச் சட்ட நூலார் நிரம்பிய சொற்களைப் படைத்துள்ளனர். உள்ளே இருக்க விழைந்தும் வெளியே நிறுத்தப்பட்டாரை நாடற்றோர் என்னும் வேறோர் இயலுக்கு அனுப்பிவிடுகின்றனர். மக்கள் அரசினின்று பிரிதல் ஓரியல் ஆகுமாயின், அரசு மக்களைத் தன்னினின்று பிரித்தலும் அதன் அருகிலேயே வைத்து ஆராயத் தக்கது என்பது எம் கருத்து.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர். 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகுத்துக்கொண்டன. பிற அரசுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் என்னும் நான்காம் இலக்கணத்துக்கு இதனினும் நிறைவான சான்று வேண்டுவதில்லை. முதலாம் இலக்கணத்துக்குரியோரிடம் எவரும் ஒப்பம் கேட்கவில்லை.