காத்திருத்தலும் நம்புதலும்

மொழிபெயர்ப்புப் படைப்புகளைப் பற்றிப் பேசும்போது கதையையும் கருத்தையும்தான் எடுத்துக்கொள்கிறோம். ஒரு வினைச்சொல்லை ஆராய்வது இலக்கண ஆசிரியரின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'கேணலுக்கு யாரும் எழுதுவதில்லை' என்ற குறுநாவலை, அதன் வினைச்சொல் ஒன்றை அறியாமல் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது என்றே நான் கருதுகிறேன்.

1961இல் நூலாக வெளிவந்த படைப்பு இது. கொலம்பிய உள்நாட்டுப் போரில் பங்குகொண்ட முதிய கேணல், ஓய்வூதியக் கடிதத்துக்காக 15 ஆண்டுகளாக வெள்ளிதோறும் தபால் படகைத் தேடிப் போகிறார். கடிதம் வருவதில்லை. வீட்டில் ஆஸ்துமாவால் வதைபடும் மனைவி. சுட்டுக் கொல்லப்பட்ட மகன் விட்டுச்சென்ற சண்டைச் சேவல்.

போர் முடிந்த 56 ஆண்டுகளில் கேணல் செய்தது ஒன்றே ஒன்றுதான் எனத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார் மார்க்கேஸ். அதற்கு அவர் கையாளும் ஸ்பானியச் சொல் 'எஸ்பெரார்'. நம்பிக்கை கொள்ளுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்தது. காத்திருத்தல், எதிர்பார்த்தல், நம்பியிருத்தல் மூன்றையும் ஸ்பானியர் இந்த ஒரு சொல்லால் குறிப்பர். ஓர் ஆளோ பஸ்ஸோ செயப்படுபொருளாக வந்தால் காத்திருத்தல். வரவேண்டுமே என்னும் விருப்பத்தைக் காட்டும் துணைவாக்கியம் தொடர்ந்தால் நம்பியிருத்தல். மார்க்கேஸின் வாக்கியத்தில் இரண்டுமில்லை. வினை தனித்து நிற்கிறது. அதனால் மூன்று பொருளும் அதில் தங்கிவிடுகின்றன.

ஆங்கில மொழிபெயர்ப்பு காத்திருத்தலைத் தேர்ந்துகொண்டது. அதைக் குறையென்று சொல்லமாட்டேன்; அம்மொழியில் மூன்றுக்கும் பொதுவான சொல் இல்லை. ஆனால் ஆங்கில வழியே வாசிக்கும் நமக்குக் கேணல் வெறுமனே ஏமாந்த கிழவராகத் தெரிகிறார். சேவலை விற்க மறுப்பது வீண்பிடிவாதமாகப் படுகிறது. ஸ்பானிய வாசகருக்கோ காத்திருப்பதை நிறுத்துவதும் நம்பிக்கையைக் கைவிடுவதும் ஒரே செயல். வறுமை மிகுந்த அந்த வீட்டில் கேணல் விற்க மறுப்பது அந்த வினையைத்தான்.

தமிழுக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. நமது 'காத்திரு' என்பதற்குள் 'கா' இருக்கிறது, பாதுகாத்தல் இருக்கிறது. மகனின் சேவலைக் காப்பவரும் கடிதத்துக்குக் காத்திருப்பவரும் ஒருவரே என்பதை ஆங்கிலம் இப்படிச் சொல்லாது. ஆனால் நம்பிக்கை அச்சொல்லில் இல்லை. ஆகவே அவ்விடத்தில் 'நம்பிக் காத்திருந்தார்' என்றே எழுதுவேன். ஒரு சொல் கூடும், கேணல் குறையமாட்டார்.